திருப்பிப் பார்த்த விடைத்தாள்

பன்னிரண்டு வருடங்களாக வேதியியல் எடுக்கிறேன். அணுக்களைக் கோடு போட்டு இணைத்துக் காட்டும் லூயிஸ் அமைப்பு வரைவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு எனக்கு உண்டு.

அரையாண்டுத் தேர்வில் நைட்ரேட்டின் அமைப்பைக் கேட்டிருந்தேன். நடுவில் நைட்ரஜன், சுற்றிலும் மூன்று ஆக்சிஜன். மேலே இருக்கும் ஆக்சிஜனுக்கு இரட்டைக் கோடு போட்டுத்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். கவிதா அதைக் கீழே இடப்பக்கத்து ஆக்சிஜனுக்குப் போட்டிருந்தாள். சிவப்பு மையால் அடித்துவிட்டேன். அந்த இரண்டு மதிப்பெண்ணில் அவள் தேறாமல் போனாள்.

விடைத்தாள் கொடுத்த மறுநாள் காலை அவளை அழைத்துக்கொண்டு அவள் அம்மா வந்தார். பட்டாசுக் கம்பெனியில் சங்குசக்கரத்துக்கு லேபிள் ஒட்டுபவர். வாசலில் கம்பெனி வேன் நின்றது.

"டிசி குடுத்துருங்க டீச்சர். இன்னைக்கே எங்கூட வேன்ல வேலைக்குக் கூட்டிட்டுப் போயிருதேன்."

மகளின் தவறைக் காட்ட, விடைத்தாளையும் என் விடைக்குறிப்பையும் அருகருகே வைத்தேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தவர், தாளை மெதுவாகத் திருப்பினார்.

"ரெண்டும் ஒண்ணுதான டீச்சர்? சக்கரத்தை எப்பிடித் திருப்புனாலும் அதே சக்கரந்தான."

மூன்றில் எந்த ஆக்சிஜனுக்குப் போட்டாலும் சரி என்று நானே கல்லூரியில் படித்தவள். திருத்தும் அவசரத்தில் என் படத்தைத்தான் தேடியிருக்கிறேன்.

"தப்பு என்னோடதும்மா. கவிதா பாஸ்."

வேன் ஹாரன் அடித்தது. அம்மா தனியாகப் போய் ஏறினார். கவிதா வகுப்புக்குள் போனாள்.

இப்போதெல்லாம் சிவப்புக் கோடு போடுமுன் தாளை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன்.