ஒன்பது பாகம்

"நீ படிச்சனீதான் பிள்ளை. ஆனா அந்த மனுசனைப்பற்றி உனக்கு என்ன தெரியும்?"

சின்னம்மா இப்படிக் கேட்டது என் பட்டமளிப்பு விழாவுக்கு அடுத்த வாரம். அந்த மனுசன் அவருடைய கணவர், என் சித்தப்பா. கிணறு வெட்டுவது அவர் தொழில். உடுவிலில் தன் வீட்டு வளவுக் கிணற்றின் அடியில் சுண்ணாம்புக் கல்லுக்குள் ஒரு குகை போவதைக் கண்டு, கோடையில் நீர் வற்றும்போதெல்லாம் இடுப்பில் கயிறு கட்டி உள்ளே போய் வந்தார். நான் பிறப்பதற்கு முந்தைய ஒரு கோடையில் போனவர் உயிரோடு திரும்பவில்லை. உள்ளே காற்றில்லை என்றார்கள். கயிற்றைச் சின்னம்மா எரித்துவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்த முதல் ஆளும் நானே. இதைப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரருக்குக்கூடச் சொல்லியிருக்கிறேன். ஆய்வேட்டுக்குச் சித்தப்பாவின் குகையை எடுத்துக்கொண்டேன்.

மிஞ்சியிருந்த ஒரே சான்று சமைக்கும் குசினிக் கதவின் பின்புறம் அவர் கரியால் கீறிய ஒன்பது கோடுகளும் ஒரு வட்டமும். கோடு ஒவ்வொன்றும் ஒரு பாகம் கயிறு, வட்டம் நிமிர்ந்து நிற்கக்கூடிய அறை, குகை கிழக்கே நேராகப் போகிறது என்று சின்னம்மா விளக்கினார். பாகம் என்றால் இரண்டு கைகளையும் விரித்த நீளம். புத்தகத்தில் அது ஆறடி. ஆறை ஒன்பதால் பெருக்கி, ஐம்பத்து நான்காவது அடியில் அறையைக் குறித்தேன். வரைபடத்தின் ஓரத்தில் தலைக்கவசம் போட்ட நெட்டையான வீரர் ஒருவரையும் வரைந்தேன். சித்தப்பா வாழ்நாளில் தலையில் கட்டியது துவாய் மட்டும். நல்ல புள்ளி கிடைத்தது.

சின்னம்மாவின் கேள்வி தண்ணீர்த் தாங்கியால் வந்தது. குசினிக்குப் பக்கத்தில் கொங்கிறீற் தூண்கள் எழுப்பி, மேலே தாங்கி வைக்க மேசனைக் கூப்பிட்டிருந்தார். அறைக்கு மேலே அது நின்றால் நிலம் இடிந்து, தாங்கியோடு குசினியும் உள்ளே போய்விடும். மேசன் காட்டிய இடம் கிணற்றிலிருந்து கிழக்கே நாற்பத்தைந்து அடி. அதற்குக் கீழே ஒடுங்கிய வழிதான், அறை இன்னும் ஒன்பது அடி தள்ளி என்று சொல்லி, நானே முளை அடித்தேன். அப்போதுதான் சின்னம்மா அப்படிக் கேட்டார்.

நான் விடவில்லை. சுவரில் தொங்கிய கலியாணப் படத்தைக் காட்டினேன். அதில் சித்தப்பா சின்னம்மாவைவிட ஒரு தலை உயரம், ஆறடிப் பாகத்துக்குப் பொருத்தமான ஆள்.

"படம் பிடிச்சவன் மனுசனைப் பலகையிலை ஏத்திவிட்டவன், பிள்ளை. அந்தாள் என்ரை காது மட்டுக்குந்தான். நெடியவன் எண்டா உந்தப் பொந்துக்கை போவானே?"

மேசன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

சின்னம்மா உள்ளே போய்க் கலியாணச் சட்டையைக் கொண்டுவந்தார். வெள்ளை, முழுக்கை. கைகளை விரித்துப் பாயில் போட்டு, இரு முனைகளிலும் மணிக்கட்டு முதல் விரல் நுனி வரையான நீளத்தையும் சேர்த்து அளந்தேன். நாடா ஐந்தடியைத் தாண்ட மறுத்தது. ஐந்தை ஒன்பதால் பெருக்க எனக்குப் பட்டம் தேவைப்படவில்லை. நான் அடித்த முளை அறையின் நடு உச்சியில் நின்றது.

மேசன் இரும்பு அலவாங்கை எடுத்து வளவில் இரண்டு மூன்று இடங்களில் குத்தினார். கல் கல்லாகவே ஒலித்தது. முளைக்குப் பக்கத்தில் குத்தியபோது வெறும் பானையைத் தட்டிய சத்தம். மூவரும் மெல்லப் பின்னால் நகர்ந்தோம். பட்டதாரி எல்லோருக்கும் முன்பே நகர்ந்துவிட்டாள்.

தாங்கி இப்போது கிணற்றுக்கு மேற்கே நிற்கிறது. தண்ணீர் குசினிக்கு வர நீளமான குழாய் போட வேண்டியிருந்தது. அதற்கான காசைச் சின்னம்மாவே எண்ணிக் கொடுத்தார். ஏசியிருந்தால் தாங்கிக்கொள்வது சுலபமாக இருந்திருக்கும்.

நேற்று உடுவில் தபால் கந்தோரில் துறைத் தலைவருக்குப் பதிவுத் தபால் ஒன்று போட்டேன். நூலகத்திலிருக்கும் என் வரைபடம் பிழை, பிழை என்னுடையது, புள்ளியைக் குறைத்தாலும் சம்மதம் என்று எழுதியிருக்கிறேன். கூடவே புதிய படமும் வைத்தேன். ஓரத்தில் ஒரு குள்ளமான மனிதர், தலையில் துவாய், இரண்டு கைகளையும் முழுதாக விரித்தபடி.