பூட்டுக்குள் நின்றுபோன நகல்

சத்தம் போடும் இயந்திரத்தைக் கண்டால் எனக்குப் பயமில்லை. குரைக்கிற நாய் கடிக்காது என்பது கம்ப்யூட்டருக்கும் பொருந்தும். ஒரு புகாரும் இல்லாமல் ஒழுங்காக ஓடுகிறதே, அதன் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

காளவாசலில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். ஸ்கேன் சென்டர்களுக்குப் படங்களைச் சேமித்து வைக்கும் பெட்டி செய்து விற்கிறோம். அதற்குள் கோப்புகளை எழுதும் கோட் முழுக்க எங்களுடையது. எங்களுடையது என்றால் என்னுடையதும் அண்ணனுடையதும். கூடப் பிறந்தவர் இல்லை, என்னை வேலைக்குச் சேர்த்தவர். சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டில் அவர்கள் பாஷை, என்னிடம் அசல் மதுரைத் தமிழ்.

சென்ற வருடம் ஒரு சென்டரில் பெட்டி அடிக்கடி உறைந்துபோனது. கூட்டம் அதிகமான காலைகளில் அப்படியே நின்றுவிடும். போன் அடிக்கும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வோம். காரணம் இதுதான்: படத்தை எழுதும்போது எங்கள் கோட் கோப்பைப் பூட்டிக்கொண்டு, நினைவகத்திலிருந்து நகலெடுக்கும். நினைவகத்தில் இடம் நெருக்கடியானால் படத்தின் ஒரு பகுதி அங்கே இருக்காது. அதைத் தொட்டதும் பேஜ் ஃபால்ட் வரும். அதாவது, ‘இங்கே இல்லை, டிஸ்கிலிருந்து எடுத்து வா’ என்ற கூப்பாடு. எடுத்து வரப் போகிற கோட் பகுதிக்கும் அதே பூட்டுத்தான் வேண்டும். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய கதை.

அண்ணன் அதைச் சரிசெய்தார். பூட்டு கையில் இருக்கும்வரை பேஜ் ஃபால்ட் கூடாது. இல்லாத பகுதி வந்தால் நகல் அங்கேயே நிற்கட்டும். நல்ல யோசனைதான். பெட்டி உறைவது நின்றது, போன் அடிப்பதும் நின்றது. கீழே பேக்கரியில் தேங்காய் பன் வாங்கி ஆபீஸ் முழுக்கக் கொடுத்தார். நானும் நிம்மதியாகத் தின்றேன்.

இந்த வருடம் வெயில் ஏறத் தொடங்கிய சமயம், பெட்டியை இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னலைப் புதியதாக மாற்றுவதற்காக அந்தக் கோட் முழுவதையும் வரி வரியாகப் படித்தேன். மதியம், கீழே பஸ் ஹாரன்கள் காதைப் பிளந்தன. நகல் நின்ற பிறகு பூட்டை விட்டுவிட்டு, இல்லாததை எடுத்து வந்து, நின்ற இடத்திலிருந்து தொடர வேண்டும். அதைச் செய்யும் வரிகளே அங்கு இல்லை. பாதியில் நின்றாலும் ‘முழுதும் எழுதியாயிற்று’ என்று அது பதில் சொல்லிக்கொண்டிருந்தது. எழுதாத இடமெல்லாம் பூஜ்யம். எங்கள் சோதனையில் இது அகப்படவில்லை. சோதனைப் படத்தை உருவாக்கிய கையோடு எழுதுவது எங்கள் பழக்கம். அது சுடச்சுட நினைவகத்திலேயே இருக்கும், ஃபால்ட் வரவே வராது.

ஸ்கேனில் பூஜ்யம் என்றால் கறுப்பு. நுரையீரல் படத்தில் நல்ல காற்றும் கறுப்புதான்.

டீ குடித்துவிட்டு வந்த அண்ணனிடம் திரையைக் காட்டினேன். நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து மறுபடி படித்தார்.

“மாப்ள, ஒங்க மதினிக்கு இருமல் வந்தப்ப அந்த சென்டர்லதான்டா படம் எடுத்தோம்.”

“எப்பண்ணே?”

“பன்னு வாங்கிக் குடுத்தேன்ல, அதுக்கப்புறம்.”

சென்டரில் பேசி அந்தக் கோப்பைத் திறந்தோம். மேல் நுரையீரல் இருந்தது. கீழே இறங்க இறங்க வெறும் கறுப்பு. அடுக்கடுக்காக எடுக்கும் படங்களில் ஓரத்தில் சில வெறுமையாக வருவது வழக்கம்தான் என்பதால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மதினிக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இருமல் மட்டும் இன்னும் நிற்கவில்லை.

திருத்தம் சில வரிகள்தான். அன்று மாலையே எல்லாப் பெட்டிகளுக்கும் அனுப்பினோம். சென்டர் முதலாளியிடம் போனில் சொன்னோம். மற்றவர்களின் படங்களைத் தேடிப் பார்க்க ஆள் போட்டார். ஆனால் எழுதாமல் விட்டதை எந்தத் திருத்தமும் கொண்டுவராது. ஸ்கேன் மெஷின் தன்னிடமுள்ள நகலை அவ்வப்போது அழித்துவிடும். அது போய் எத்தனையோ நாளாயிற்று.

மறுநாள் காலை, மதினிக்கு மறுபடி படம் எடுக்க மூவரும் அதே சென்டருக்கு ஆட்டோவில் போனோம். வழியெல்லாம் அண்ணன் மதினியிடம் அவர்கள் பாஷையில் மெதுவாகப் பேசிக்கொண்டே வந்தார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. மதினி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லிவிட்டார் என்று நினைத்து, நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கவுன்ட்டரில் இருந்த பெண் எங்களைப் பார்த்ததும் சிரித்தார். “இப்பல்லாம் ஒங்க பெட்டி தொந்தரவே குடுக்குறதில்ல சார்.”

படம் எடுத்து முடிந்தது. எங்களுக்கு முன்னால் வந்தவர்களும் பின்னால் வந்தவர்களும் கவரை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். எங்களை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. அண்ணன் ஸ்கேன் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் டெக்னீஷியன் வந்தார்.

“டாக்டர் பழைய படத்தைக் கேக்குறாரு. இது முன்னாடியே இருந்ததா, இப்பத்தான் வந்ததான்னு பாக்கணுமாம்.”

பழைய கவர் அண்ணன் மடியில் இருந்தது. அவர் கை அதை விடவில்லை. மதினிதான் இழுத்து வாங்கி டெக்னீஷியனிடம் நீட்டினார்.

“இந்தாங்கண்ணே. போன வருசம் ஒண்ணுமே இல்லைன்னுட்டாங்க. அம்புட்டும் சுத்தம்னாங்க.”