ஷேர் என்றால் வெட்டு என்று சொன்னவர்

பேராசிரியர் பொன்னுசாமி இறந்துவிட்டார் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது, மங்கலம் ரோட்டில் உள்ள என் சிறிய யூனிட்டில் கட்டிங் மேசையருகே நின்றிருந்தேன். ‘அனைவருக்கும் ஷேர் செய்யவும்’ என்று அடியில் இருந்தது. நான் செய்யவில்லை. துக்கத்துக்கும் போகவில்லை. மறுவாரம் அவருடைய மாணவர்களான நீங்கள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் கேட்டீர்கள். இனிப்பாக எழுத வராது என்றேன், பரவாயில்லை என்றீர்கள். உங்களுக்கு அவரை வகுப்பறையில் தெரியும். எனக்குத் தெரிந்த இடம் வேறு.

அவர் என் அப்பாவின் நண்பர். கல்லூரியில் ஓய்வு பெற்ற பிறகு மாலைகளில் எங்கள் பனியன் கம்பெனிக்கு வந்து, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதித் தருவார். அங்கே சாம்பிள் செக்‌ஷன் என் பொறுப்பு. பையர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டிய முதல் உருப்படியைத் தைக்கும் இடம் அது. படிப்பு முடித்த கையோடு, பழைய மிஷின்களை வைத்து நானே தொடங்கியது. பேராசிரியர் வேலை முடிந்ததும் அங்கு வந்து உட்கார்ந்து, டீ குடித்தபடி சொற்களின் பூர்வீகம் பேசுவார்.

ஒருநாள் ஷேர் என்ற சொல்லை எடுத்தார். பழைய ஆங்கிலத்தில் அதற்கு வெட்டுதல், வெட்டிய துண்டு என்று பொருளாம். ஆட்டு ரோமம் கத்தரிப்பதைச் சொல்லும் ஷியர் என்ற சொல்லும் அதே குடும்பம். மண்ணை வெட்டிக்கொண்டு போகும் ஏர்க் கொழுவுக்கும் ஷேர் என்றே பெயர். நீளத்தை வெட்டினால் ஷார்ட். குட்டையாக வெட்டித் தைத்த உடுப்பு ஷர்ட், அதன் கூடப்பிறப்பு ஸ்கர்ட். பங்கிடுவது, சேர்ந்து அனுபவிப்பது என்ற பொருள்களெல்லாம் பின்னால் ஏறியவை என்றார். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து எங்களிடம் டெய்லராக இருந்த ரீட்டா அக்கா, “அப்போ சட்டையும் பங்கும் ஒருதாய் மக்களா சார்?” என்று கேட்டார். பேராசிரியர் மகிழ்ந்துபோனார். “ஆமாங்க, ரெண்டுமே வெட்டுல பொறந்ததுங்க” என்றார். அந்த மாலை எனக்கும் பிடித்திருந்தது. அதை மறைக்கவில்லை.

அப்பா போன பிறகு அண்ணன்கள் இருவரும் தொழிலைப் பிரித்துக்கொள்ள முடிவு செய்தார்கள். மத்தியஸ்தத்துக்குப் பேராசிரியரை அழைத்தார்கள். நியாயஸ்தர் என்று ஊரில் பெயர். நிட்டிங் பெரியண்ணனுக்கு, தையல் யூனிட் சின்னண்ணனுக்கு என்று பேச்சு ஓடியது. சாம்பிள் செக்‌ஷனை மட்டும் எனக்கு விடுங்கள், வேறெதுவும் வேண்டாம் என்றேன். அண்ணன்களுக்குப் பதிலாகப் பேராசிரியர்தான் பேசினார்.

“ஷேர்னா வெட்டறதுன்னு நானே சொல்லியிருக்கறனல்ல கண்ணு. ஒரு வெட்டுல ரெண்டாயிருச்சு. இன்னொரு வெட்டுப் போட்டா கம்பெனி தாங்காது. உனக்குத்தான் சீரெல்லாஞ் செஞ்சு கட்டிக் குடுத்தாச்சே.”

“அதே சொல்லுக்குச் சேந்து அனுபவிக்கறதுன்னும் அர்த்தம் இருக்குதுன்னீங்களேங்க.”

“அது பின்னால வந்த அர்த்தம் கண்ணு.”

பின்னால் என்றால் சில நூறு ஆண்டுகளுக்கு முன்னால் என்று பிறகு அகராதியில் பார்த்தேன். அன்று எனக்கு அது தெரியாது. அண்ணன்களே வாயைத் திறந்து மறுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஒரு சொல்லின் பூர்வீகத்தோடு யாரால் சண்டை போட முடியும்?

கேஸ் போட்டால் நிற்கும் என்று வக்கீல் சொன்னார். அம்மா உயிரோடிருக்கையில் கோர்ட்டு ஏற மனம் வரவில்லை. செக்‌ஷன் சின்னண்ணனிடம் போனது. ரீட்டா அக்கா மட்டும் வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்தார். ஒரு வாடகை ஷெட்டில் முதலிலிருந்து ஆரம்பித்தோம். பழைய பையர்கள் யாரும் வரவில்லை. ஊன்றி நிற்கவே வெகுகாலம் ஆயிற்று. அண்ணன்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். தெய்வம் கேட்கும் என்று சொன்னவர்களும் இப்போது சொல்வதில்லை.

சில வருடங்கள் கழித்து சோமனூரில் ஒரு கல்யாணப் பந்தியில் பேராசிரியர் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். தோட்டத்தையும் வீட்டையும் மகனுக்கும் மகளுக்கும் சரிபாதியாக எழுதிவிட்டதாகச் சொன்னார். பெண்ணென்ன, பையனென்ன, இரண்டும் நாம் பெற்றதுதானே என்று பெருமைப்பட்டுக்கொண்டார். அப்படியானால் அன்றைக்கு எனக்கு மட்டும் ஏன் அந்தத் தீர்ப்பு என்று கேட்டேன்.

“உங்கண்ணனுகதான கண்ணு என்னையக் கூப்புட்டாங்க” என்றார். “அவங்க மனசுல இருந்ததத்தான் நான் எடுத்துச் சொன்னேன்.”

சொல்லிவிட்டு ரசம் வாங்கிக்கொண்டார். குரலில் வருத்தமும் இல்லை, கூச்சமும் இல்லை. நான் பாதி இலையில் எழுந்துவிட்டேன். அதன் பிறகு அவரைப் பார்க்கவில்லை.

இந்த மலரில் மற்றவர்கள் அவருடைய படிப்பைப் புகழ்வார்கள். படிப்பு இருந்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. அது யார் கூப்பிட்டாலும் போய் வேலை செய்தது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். ஒரு சொல்லின் வேரைக் காட்டி யாராவது நியாயம் பேசினால், அந்த மரத்தின் காய் யார் வீட்டில் விழுகிறது என்று முதலில் பார்க்கிறேன். அதை அவர் கற்றுக்கொடுக்கவில்லை. அவரிடம் பட்டுத் தெரிந்துகொண்டேன்.