சித்திரை வெயிலில் ஹீட்டர்

துவரங்குறிச்சி தாண்டி ஒரு டீக்கடையில் இறங்கியபோதுதான் அந்தப் பச்சைத் தண்ணீரைப் பார்த்தேன். கார் இன்ஜினுக்கு நேர் கீழே சொட்டுச் சொட்டாக விழுந்து, தரையில் உள்ளங்கை அகலத்துக்குத் தேங்கியிருந்தது. காலை ஐந்து மணிக்குச் சென்னையில் கிளம்பி அவ்வளவு தூரமும் நான் ஒருத்தியே ஓட்டி வந்திருந்தேன். என் வீட்டுக்காரருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஓட்டுகிறவளுக்குச் சொல்லிக்கொடுக்க மட்டும் நன்றாகத் தெரியும்.

"ஒழுகுதுல்ல? கெளம்பும்போதே எனக்கு மனசு சரியில்ல. திரும்பிருவோம்" என்றார்.

நான் முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். முன்னால் போனால் எழுபது கிலோமீட்டர், திரும்பினால் நானூறு. "ஒழுகுற வண்டிய வச்சுக்கிட்டு எந்தப் பக்கம் போறது புத்திசாலித்தனம்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். அவர் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

போய்க்கொண்டிருந்தது கோச்சடைக்கு, இவருடைய அண்ணன் வீட்டுக்கு. மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் மகள் கல்யாணத்துக்கு அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பிவிட்டோம். அனுப்பியது இவர். "சொந்த அண்ணன்தான, கோவிச்சுக்க மாட்டாரு, அனுப்பிவிடுங்க" என்று சொன்னது நான். அன்றைக்கே போன் வந்தது. "போன்ல பத்திரிகை அனுப்புற அளவுக்கு நான் அசலாளாப் போயிட்டேனாடா?" அவ்வளவுதான். கல்யாணத்துக்கும் வரவில்லை, அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் இல்லை. இப்போது வைகாசியில் மகனுக்குக் கல்யாணம். இந்தத் தடவை தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம். வருகிறோம் என்று சொல்லவில்லை. சொல்லி, வராதே என்றுவிட்டால்?

டீக்கடையில் இருந்த நாலு பேரும் பானெட்டைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒருவர் ரேடியேட்டரில் மஞ்சள்தூளைப் போடச் சொன்னார். இன்னொருவர் அதெல்லாம் சும்மா, சோப்பைத் தேய்க்க வேண்டும் என்றார். எங்கே தேய்ப்பது என்று கேட்டதற்கு அவருக்கே தெரியவில்லை. என் வீட்டுக்காரர் எல்லாருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த எரிச்சலில் எல்லாரையும் விலக்கிப் பானெட்டைச் சாத்திவிட்டு, இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்தபடியே கொட்டாம்பட்டி வரை ஓட்டினேன்.

அங்கே ஒரு மெக்கானிக் ஏதோ கிரகப்பிரவேசத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பார்த்தார். ரேடியேட்டருக்குப் போகிற ரப்பர் குழாயில் கீறல். மாற்றுக் குழாய் இல்லை. பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி இழுத்துச் சுற்றிக் கட்டினார்.

"மதுரை வரைக்கும் தாங்கும்க்கா. நிப்பாட்டி நிப்பாட்டிப் போங்க. ஆறுனப்பறம் தண்ணி ஊத்துங்க. ஏசி போடாதீங்க. முள்ளு ஏறுச்சுன்னா ஹீட்டரப் போடுங்க."

"இந்த வெயில்லயா?"

"இன்ஜின் சூட்ட உள்ள இழுத்துரும்க்கா. வண்டி தப்பிச்சிரும்" என்றார். நாங்கள் தப்பிப்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மேலூர் வருவதற்குள் மூன்று தடவை நிறுத்தினோம். மூன்றாவது தடவை பாட்டிலைத் தேடினால் காலி. ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீரை இவர் குடித்திருக்கிறார். "தாகமா இருந்துச்சு" என்கிறார், பச்சைப்பிள்ளை மாதிரி. கருவேல மரத்து நிழலில் அவரை நிற்க வைத்துவிட்டு நான் அரை கிலோமீட்டர் நடந்துபோய் ஒரு பஞ்சர் கடையில் தண்ணீர் பிடித்து வந்தேன். ஒத்தக்கடை வந்ததும் அடுத்த யோசனை. "இங்கயே ரூம் போட்டுட்டு நாளைக்குப் போவமா?" யானைமலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் கியரை மாற்றினேன்.

கோரிப்பாளையம் சிக்னலில் மாட்டிக்கொண்டோம். முன்னால் பஸ், பின்னால் பஸ், இரண்டு பக்கமும் ஷேர் ஆட்டோ. முள் மேலே ஏறியது. ஹீட்டரைப் போட்டேன். சித்திரை மாதத்து மதுரையில், நாலு மணி வெயிலில், காருக்குள் ஹீட்டர். பக்கத்து ஆட்டோவில் இருந்த அம்மா எங்களை அதிசயமாகப் பார்த்தாள். இவருடைய கஞ்சி போட்ட சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. மடியில் பத்திரிகைக் கவர். அதாலேயே விசிறிக்கொண்டு, "பேசாம இத தபால்ல போட்டுருவோம்" என்றார்.

எனக்குப் பொங்கிவிட்டது. "காலையிலருந்து வண்டி மேல பழியப் போடுறீங்க. வண்டிக்கு ஒண்ணுமில்ல. ஒங்களுக்குத்தான் பயம். அதச் சொல்லுங்க மொதல்ல!"

அவர் விசிறுவதை நிறுத்தினார். "அண்ணே கதவத் தொறக்காட்டி?" என்றார். "எழுபது வயசுல வாசல்ல நின்னு திரும்பணும்ல."

சிக்னல் விழுந்து பின்னால் ஹாரன் அடித்தார்கள். அந்த வாட்ஸ்அப்பை அனுப்பச் சொன்ன வாயை நொந்துகொண்டு காளவாசல் வரை ஓட்டினேன். அங்கே இன்னொரு தடவை ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, கோச்சடையில் அண்ணன் வீட்டு வாசலில் நிறுத்தும்போது மணி ஐந்து.

இவர் இறங்கவில்லை. தட்டை எடுத்து வெற்றிலையை அடுக்கினார், கலைத்தார், திரும்ப அடுக்கினார். அதற்குள் வண்டிச் சத்தம் கேட்டு அண்ணனே வெளியே வந்துவிட்டார். கைலி கட்டி, தோளில் துண்டு. மூன்று வருஷத்தில் நன்றாக இளைத்திருந்தார். கேட்டுக்கு உள்ளேயே நின்றார். இவர் தட்டைச் சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கி வெளியே நின்றார். நானும் இறங்கினேன்.

அண்ணன் கண் மெதுவாகத் தரைக்குப் போனது.

"என்னடா ஒழுகுது?"

"கூலன்ட்ண்ணே."

"எம்புட்டுத் தூரமா ஒழுகுது?"

"தொவரங்குறிச்சிலருந்து. தண்ணி ஊத்தி ஊத்தி வாரோம்."

"வெறுந் தண்ணியவா? அறிவிருக்காடா ஒனக்கு?"

"நா எங்கண்ணே ஊத்துனேன். இவதான் ஊத்துனா."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் கேட்டைத் திறந்து வந்து, துண்டை இடுப்பில் கட்டி, பம்பருக்கு முன்னால் முட்டி போட்டுக் குனிந்தார். இவரும் குனிந்தார். தம்பிக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது நன்றாகத் தெரிந்தும், குழாய் எந்த இடத்தில் கீறியிருக்கிறது என்று அண்ணன் அவரிடமே கேட்டார். இவரும் ஏதேதோ சொன்னார். "இந்த வண்டி இன்னைக்குத் திரும்பாது. ரெண்டு நாள் இருந்து சரி பண்ணிட்டுத்தான் போகணும்" என்று வண்டிக்கு அடியிலிருந்து அண்ணனின் சத்தம் வந்தது.

அண்ணனுக்கு முட்டி வலி போல. எழுந்திருக்க முடியாமல், பார்க்காமலேயே கையை நீட்டினார். இவர் பிடித்துத் தூக்கிவிட்டார். எழுந்து நின்ற பிறகும் அண்ணன் அந்தக் கையை விடவில்லை. பிடித்தபடியே பேசிக்கொண்டு இருவரும் உள்ளே போய்விட்டார்கள்.

பன்னிரண்டு மணி நேரம் வண்டி ஓட்டியவளை உள்ளே வா என்று சொல்ல அந்த இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. பெட்டியை ஒரு கையிலும் தட்டை ஒரு கையிலும் தூக்கிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலேயே நான் பின்னால் போனேன்.