சன்னல் கம்பியில் கறுப்பு நூல்

காலை ஐந்து ஐம்பது. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது எதிர்வீட்டுச் சன்னல். அதன் நடுக்கம்பியில் ஒரு மஞ்சள் நூல், வெயிலில் வெளுத்து, கட்டியபடியே இருந்தது.

கல்மண்டபத்தில் எங்கள் சந்தில் குடை விரித்த இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். எதிர்வீட்டின் கீழ்த்தளத்தில் முன்பு ஓர் அக்கா குடியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அங்கே அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நிபுணராக இருந்தவர். ராயபுரத்துக்காரர் ஒருவரை மணந்து இங்கே வந்தார். இங்கே மருத்துவராகப் பதிவு கிடைக்கும்வரை அவர் யாருக்கும் ஒரு தையல்கூடப் போட முடியாது.

விடிந்ததும் சன்னலருகே நாற்காலியைப் போட்டு உட்காருவார். நகங்களை ஒட்ட வெட்டியிருப்பார். கறுப்பு நூலைக் கம்பியில் சுற்றி இடக்கையால் மட்டும் முடிச்சுப் போடுவார், பிறகு வலக்கையால். கண் தெருவில் இருக்கும். விரல்கள் தாமாக ஓடும். வயிற்றுக்குள் பார்வை எட்டாத ஆழத்தில் ரத்தக்குழாயைக் கட்டுவதற்கான பழக்கம் அது என்று ஒருமுறை சொன்னார். போட்ட முடிச்சுகளை அவிழ்ப்பதில்லை. கம்பி கறுப்பாகத் தடித்துக்கொண்டே போனது.

மாடியில் இருந்த வீட்டுக்கார அம்மா மீன் விற்பவர். ஒருநாள் காலிக் கூடையோடு இறங்கி வந்தவர் சன்னலில் நின்றார். நான் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா, மாதாவுக்கு வேண்டிக்கினியா? கொயந்தைக்குத்தானே?"

"வேண்டுதல் இல்லை அம்மா. ஒப்பரேசன்ல போடுற முடிச்சு. விரல் மறந்துபோகப்படாது எண்டு கட்டுறன்."

"வெளிய சொன்னா பலிக்காதுன்னு மறைக்கிறே. நான் யாராண்ட சொல்லப்போறேன்? மீனுக்கா காது கீது?"

அக்கா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

மறுநாள் அம்மா ஒரு மஞ்சள் நூலோடு வந்தார். கல்யாணமாகி வெகுநாள் பிள்ளையில்லாத தன் மகளுக்காக அதே கம்பியில் கட்டிவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அவர் போன பிறகு அக்கா அந்த முடிச்சை இழுத்துப் பார்த்தார். நழுவியது. அதன்மேல் தாமே ஒன்று போட்டு இறுக்கினார்.

பதிவு கேட்ட மனு முதலில் ஒருமுறை திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினார். அதுவும் திரும்பியது. நாற்காலி சன்னலை விட்டு உள்ளே போனது. பகலிலும் படுத்தே கிடந்தார். பார்க்கப் போனபோது சிக்குத் தலையோடு எழுந்து வந்தார்.

"இவ்வளவு காலம் உழைச்சிட்டாய், கொஞ்சம் ஓய்வெடு எண்டு இவர் சொல்லுறார். ஓய்வு எண்டது வேலை இருக்கிற ஆக்களுக்குத்தானே தம்பி?"



சில நாள் கழித்து ஒரு காலை கத்தரிக்கோலுடன் சன்னலில் நின்றார். கறுப்பு முடிச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டார். மஞ்சள் நூலுக்கு வந்ததும் கத்தரி நின்றது. அதை விட்டுவிட்டு உள்ளே போனார். சீக்கிரமே வீட்டைக் காலி செய்துகொண்டு எண்ணூர்ப் பக்கம் போய்விட்டார்கள்.

இந்த ஆண்டு விம்கோ நகரில் ஒரு சின்ன மருத்துவமனைக்குப் போயிருந்தேன். முன்மேசையில் அக்கா டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். பெயரையும் வயதையும் கேட்டு எழுதிக்கொண்டு, உட்காரச் சொன்னார். டோக்கனை நீட்டிய விரல்களில் நகங்கள் நீளமாக வளர்ந்திருந்தன.

எதிர்வீட்டுச் சன்னலில் மஞ்சள் நூல் இன்னும் நழுவவில்லை. வீட்டுக்கார அம்மாவின் மகளுக்குப் போன மாதம் சிசேரியனில் பெண் குழந்தை பிறந்தது.