வாயைப் பார்த்துக் கேட்டவர்

வேலேந்திய பெருமானே, என் நாவில் நின்று காத்தருள்க. இன்று தைப்பூசம். திருப்பூரில் பனியன் கம்பெனிகள் பெருகிவந்த அறுபதுகளில், இதே நாளில் என்னோடு பேசிய ஒருவரைப் பற்றி எழுதத் தோன்றுகிறது.

அன்று மாலை முருகன் கோயிலில் நான் ஒரு துதிப்பாடலுக்குப் பொருள் சொல்ல வேண்டும். முந்தைய ஆண்டு கூட்டத்தைக் கண்டு நாவுலர்ந்து பாதியில் இறங்கியவன் நான். இம்முறையும் தலைகுனிந்து, புத்தகத்தைப் பார்த்தே முணுமுணுத்தேன்.

முதல் வரிசையில் ஒருவர் எழுந்தார். பனியன் துணி பின்னும் மிஷின் ஓட்டுபவர். மெலிந்த உடல், நரைத்த மீசையில் பஞ்சுத்தூசி. யார் பேசினாலும் அவர் கண்கள் பேசுபவரின் உதட்டிலேயே நிற்பதை முன்பே கண்டிருக்கிறேன், காரணம் அதுவரை அறியேன்.

“ஏனுங்க சாமி, மிஷின் சத்தத்துல எனக்குக் காது போயிருச்சுங்க. வாயப் பார்த்துத்தானுங்க கேக்கறேன். நீங்க குனிஞ்சுட்டா நான் எங்கீங்க போறது?”

கூட்டம் சிரித்தது. என் கண்ணுக்கோ அவர் ஒருவரே தெரிந்தார். அவருக்காக நிமிர்ந்தேன். ஒவ்வொரு சொல்லையும் வாய் திறந்து நிதானமாக, முடிவுவரை சொன்னேன்.

விபூதி வாங்கும்போது அருகே வந்தார். “நல்லா இருந்துச்சுங்க. நடுவுல பாட்டுல ஒரு அடிய மட்டும் முழுங்கிப்போட்டீங்க.”

உண்மைதான். காது கேட்ட மற்றவர் எவரும் அதை அறியவில்லை. பாட்டும் பொருளும் அவருக்கு முன்பே மனப்பாடம் போலும். அப்படியானால் அவர் எழுந்தது தாம் கேட்பதற்காகவா, நான் பேசுவதற்காகவா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இதைப் படிப்போர் யாவருக்கும் அச்சம் நீங்கிய நாவும், முகம் பார்த்துக் கேட்க ஒருவரும் வாய்க்க அப்பெருமான் அருள்வானாக.