புடவை குடித்த கஷாயம்

சென்ற மழைக்காலத்தில் எனக்கு ஓர் இருமல் வந்து மூன்று வாரம் தங்கியது. என் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளில் அவ்வளவு நாள் தாக்குப்பிடித்தது அது ஒன்றுதான். டானிக் பலிக்காமல் போகவே, நாலு புத்தகம் படித்தவன் என்ற திமிரில் ஆடாதொடைக்குத் தாவினேன். ஆடுகூட வாய் வைக்காத கசப்புச் செடி. எங்கள் ஊரை அடுத்த கூரத்துப் புதர்களில் கேட்பாரற்று நிற்கும். இலையோடு மிளகும் திப்பிலியும் தட்டிப் போட்டுக் காய்ச்சினால் சளி கரையும், இரைப்பு அடங்கும். வெதுப்பிய இலையை மூட்டு வலிக்குக் கட்டுவார்கள். இவ்வளவும் எனக்கு மனப்பாடம். காய்ச்சும்போது வரும் நாற்றத்தைப் பற்றி மட்டும் எந்தப் புத்தகமும் வாய் திறக்கவில்லை.

"இத இங்க காய்ச்சினா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள் மனைவி.

அவளுக்குப் பதிலாக நான் போனேன். நெசவாளர்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் அந்த வீட்டில் அவள் தம்பி, என் மச்சான், பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன். அடுப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஓரத்து அடுப்பில் என் பானையை ஏற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

மச்சான் நிலைமை அன்று மோசம். ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா எதிரில் நின்றுகொண்டிருந்தார். முகூர்த்தப் புடவைக்கு மஞ்சள் வேண்டும்; எந்த மஞ்சள் என்பதில்தான் வழக்கு. மாதிரிக்குச் சாயத்தில் நனைத்த, கழி என்கிற நான்கு நூல் கற்றைகளையும் தள்ளிவிட்டார்.

"இது ஸ்கூல் பஸ்ஸுபா. இது சாம்பார். இது ரெண்டும் மஞ்சக்காமால. அஞ்சாவதும் சரியில்லன்னா நான் வேற எடம் பாத்துக்கிறேன்."

பதற்றத்தில் மச்சான் ஐந்தாவது கழியை என் பானைக்குள் முக்கினான். கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. பிழிந்து எடுத்தபோது நூலில், காய்ந்த வைக்கோலும் இளந்தளிரும் கலந்தாற்போல் ஒரு மஞ்சள்.

"இதான்பா! இதத்தான் காலைலருந்து சொல்லிக்கினு இருக்கேன்!" என்றார் அந்த அம்மாள். பிறகு முகர்ந்தார். "இன்னாபா, மிளகு வாசன வருது?"

மச்சான் பானையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "மாமா, இதுல இன்னா போட்டீங்க?"

சொன்னேன். அந்த அம்மாளுக்குக் கோபமே வரவில்லை. "மருந்துப் பொடவன்னு சம்பந்திகிட்ட சொல்லிக்கிறேன். ஆனா இதே கலர் வரணும். ஒரு கழி மாறினாலும் எடுக்கமாட்டேன்."

மறுநாள் என் ஸ்கூட்டரில் இரண்டு மூட்டை இலை வந்தது. பெரிய கொப்பரையில் மிளகு, திப்பிலியோடு அதைக் கொதிக்கவிட்டு, என்னைக் காவலுக்கு வைத்துவிட்டு, சாயம் நூலில் பிடிப்பதற்கான படிகாரம் வாங்க மச்சான் போனான். வாசனை தெருவைச் சுற்றியது. தறியில் இருந்தவர்கள் டம்ளரோடு எழுந்து வந்தார்கள்.

"சார், ரெண்டு நாளா நெஞ்சு கட்டிக்கினு இருக்குது. ஒரு வாய் குடு."

எப்படி மறுப்பது? ஒவ்வொரு டம்ளரோடும் மூலிகையின் குணத்தை விளக்கினேன். நான் பேசி முடிக்கும்வரை ஆட்கள் நின்று கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கஷாயம் சூடாக இருந்ததால் அவர்களுக்கு வேறு வழியில்லை.

மச்சான் திரும்பியபோது வரிசை வாசலைத் தாண்டியிருந்தது.

"மாமா! அது பொடவ மாமா! பொடவையக் குடிச்சிக்கினு இருக்காங்க!"

மிச்சத்தில் எல்லாக் கழிகளும் தேறின, ஒன்றைத் தவிர. அது வெளுத்துப் போயிற்று. மாலையில் அந்த அம்மாள் வந்து, அதையே முதலில் கையில் எடுத்தார்.

"இது இன்னா, சோகை புடிச்சிருக்குது?"

மச்சான் என்னைக் கைகாட்டினான். நான் விவரம் சொன்னேன், கொஞ்சம் நீளமாகவே. அவர் கழியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி, உள்ள செருகற பக்கத்துல இத நெய்யச் சொல்லு. இடுப்புக்குள்ள போறத எந்தச் சம்பந்தி எட்டிப் பாக்கப் போறா?" என்றவர், என் பக்கம் திரும்பினார். "யாரும் வெளக்கம் சொல்லாம இருந்தா சரி."

கல்யாணப் பத்திரிகை மச்சானுக்கு மட்டும் வந்தது.